காப்பகத்தின் கணக்கு: கூண்டுகள் ஏன் எப்போதும் போதுவதில்லை?

மாணவர்களே, இவ்வாரப் பாடத்தை ஒரு கணக்கோடு தொடங்குவோம்.

ஓர் ஊரில் ஒரு விலங்குக் காப்பகம். அதில் பூனைகளுக்கு 60 கூண்டுகள் உள்ளன. நாள்தோறும் சராசரியாக 3 பூனைகள் வந்து சேர்கின்றன. ஒவ்வொரு பூனையும் புதிய வீட்டுக்குப் போகும்வரை சராசரியாக 20 நாள் தங்குகிறது. கூண்டுகள் போதுமா?

3 × 20 = 60. சரியாகப் போதும்.

இப்போது தங்கும் காலம் 20 நாளிலிருந்து 30 நாளாக நீள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 × 30 = 90. வரும் பூனைகளின் எண்ணிக்கையில் ஒன்றுகூடக் கூடவில்லை. ஆனாலும் 30 பூனைகளுக்கு இடமில்லை!

இந்த எண்கள் பாடத்துக்காக நாம் எடுத்துக்கொண்டவை. ஆனால், சூத்திரம் உண்மையானது:

காப்பகத்தில் உள்ள விலங்குகள் = ஒரு நாள் வரவு × தங்கும் நாள்கள்

வரவும் வெளியேற்றமும் ஓரளவு நிலையாக இருக்கும் எந்த இடத்துக்கும் இது பொருந்தும். வங்கி வரிசைக்கும் மருத்துவமனைக் கட்டில்களுக்கும்கூட இதே கணக்குதான். 1961ஆம் ஆண்டு ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் இதைக் கணித முறையில் நிறுவினார். இன்று விலங்குக் காப்பகங்களை நிர்வகிப்போர் இதைத் தங்கள் அடிப்படைக் கணக்காகப் பயன்படுத்துகின்றனர்.

கூண்டுகள் நிரம்பிவிட்டால் என்ன நடக்கும்? மூன்று வழிகளே உள்ளன. ஒரே கூண்டில் பல விலங்குகளை அடைக்கலாம், நோய் பரவும். வருவதைத் திருப்பி அனுப்பலாம். அவை சாலையோரத்தில் விடப்படும். அல்லது, உள்ளே இருப்பவற்றில் சிலவற்றை ஊசி போட்டு உயிர்போக்கலாம். இதைக் கருணைக்கொலை என்கிறோம். மீள முடியாத நோயில் துடிக்கும் விலங்குக்கு அது கருணைதான். ஆனால், இடமில்லை என்பதற்காக நலமான விலங்கு ஒன்று இறப்பதைக் கருணை என்று சொல்ல முடியுமா? அந்த முடிவை எடுக்கும் கால்நடை மருத்துவரும் பணியாளரும் அதை விரும்பிச் செய்வதில்லை. கணக்குதான் அவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது.

“இன்னும் 40 கூண்டுகள் கட்டினால் போயிற்று” என்று நீங்கள் நினைக்கலாம். நாளுக்கு 3 பூனைகள் வந்து, 2 மட்டுமே வெளியேறினால் ஒவ்வொரு நாளும் ஒன்று மிஞ்சும். புதிய 40 கூண்டுகளும் 40 நாளில் நிரம்பிவிடும். ஓட்டையை அடைக்காமல் படகிலிருந்து தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பது போன்றது இது.

ஆகவே, காப்பகத்தின் பாதி வேலை அதன் சுவர்களுக்கு வெளியே நடக்கிறது. கருத்தடை முகாம், தடுப்பூசி இயக்கம், மைக்ரோசிப் பதிவு, தத்தெடுப்பு நாள், பள்ளி விளக்கவுரை ஆகிய எல்லாமே நம் சூத்திரத்தின் வலப்பக்கத்தில் உள்ள இரண்டு எண்களைக் குறைக்கும் முயற்சிகளே. ஒவ்வொன்றுக்கும் பின்னால் உள்ள அறிவியலைப் பார்ப்போம்.

யார் நடத்துகிறார்கள்?

மலேசியாவில் தெருவில் திரியும் நாய்களைப் பிடிப்பதும் நாய்களுக்கு உரிமம் வழங்குவதும் ஊராட்சி மன்றங்களின் பொறுப்பு. பிடிபட்ட விலங்கு மன்றத்தின் காப்பிடத்தில் சில நாள் வைக்கப்படும். உரிமையாளர் வந்து மீட்டுக்கொள்ளலாம். விலங்குகளின் நோய்த் தடுப்பையும் நலச் சட்டத்தையும் கால்நடைச் சேவைத் துறை கவனிக்கிறது. இவற்றோடு தன்னார்வச் சங்கங்களும் உள்ளன. சிலாங்கூர் எஸ்.பி.சி.ஏ. எனப்படும் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் 1958 முதல் இயங்கி வருகிறது. அதன் காப்பகம் அம்பாங்கில் உள்ளது. சிங்கப்பூரில் இப்பொறுப்பு 2019 முதல் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்குநல மருத்துவச் சேவைப் பிரிவிடம் உள்ளது.

வரவைக் குறைத்தல்: ஒரு பூனை, ஓராண்டு

பெண் பூனை ஏறக்குறைய ஆறு மாதத்தில் பருவமடைகிறது. நான்கே மாதத்தில் பருவமடையும் பூனைகளும் உண்டு. சினைக்காலம் ஏறத்தாழ ஒன்பது வாரம். ஓர் ஈற்றில் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து குட்டிகள் பிறக்கும்.

பூனையின் உடலில் இன்னொரு சிறப்பும் உண்டு. மனிதப் பெண்ணின் சூலகம் ஏறக்குறைய மாதம் ஒருமுறை தானாகவே கருமுட்டையை வெளியிடுகிறது. பூனையிலோ இணைசேர்தலே பெரும்பாலும் கருமுட்டை வெளியேறுவதைத் தூண்டுகிறது. இதைத் தூண்டப்பட்ட அண்டவிடுப்பு என்பர். விந்தணு வந்து சேரும் நேரத்தில் கருமுட்டையும் தயாராகிவிடுவதால் கருத்தரிக்கும் வாய்ப்பு மிக அதிகம்.

நம் நாட்டின் இருப்பிடமும் இதில் பங்கு வகிக்கிறது. பூனையின் இனப்பெருக்கப் பருவத்தை நிர்ணயிப்பது பகலின் நீளம். இரவு நீளும்போது மெலட்டோனின் என்னும் ஹார்மோன் அதிகம் சுரந்து இனப்பெருக்கச் சுழற்சியை அடக்குகிறது. அதனால் ஐரோப்பாவில் தெருப் பூனைகள் குளிர்காலத்தில் பெரும்பாலும் சினையாவதில்லை. நாமோ நிலநடுக்கோட்டை ஒட்டி வாழ்கிறோம். ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணிநேரம். ஆகவே, இங்கே பூனைகளுக்கு ஓய்வுப் பருவமே இல்லை. காப்பகத்தின் வாசலில் பூனைக்குட்டிப் பெட்டிகள் எல்லா மாதமும் வந்துகொண்டே இருப்பதற்கு இது ஒரு காரணம்.

இப்போது ஒரு மதிப்பீடு செய்வோம். ஒரு தாய்ப்பூனை ஆண்டுக்கு இரண்டு ஈற்றில் 8 குட்டிகள் ஈனுகிறது. அவற்றுள் 4 பெண். தெருவில் பிறக்கும் குட்டிகளில் பெரும்பாலானவை ஆறு மாதத்தைத் தாண்டுவதில்லை. எனவே, நான்கில் ஒரு பெண்குட்டி மட்டுமே பிழைக்கிறது என்று கொள்வோம். தாயும் உயிரோடு இருந்தால் ஓராண்டில் பெண் பூனைகள் 1 என்பது 2 ஆகிறது. பிறகு 4, 8, 16. ஐந்தாம் ஆண்டின் முடிவில் 32. பத்தாம் ஆண்டில் 1,024!

நடைமுறையில் எண்ணிக்கை இப்படி எல்லையின்றி உயர்வதில்லை. உணவும் இடமும் தீரும்போது வளர்ச்சி நின்றுவிடும். ஒரு வாழிடம் தாங்கக்கூடிய அதிகபட்ச எண்ணிக்கையைத் தாங்குதிறன் என்று சூழலியல் கூறுகிறது. அந்த எல்லையில் இயற்கை கணக்கைச் சரிசெய்யும் முறைதான் கொடியது. பசி, சளிக்காய்ச்சல், குடற்புழு, வாகனச் சக்கரம் ஆகியவையே அதன் கருவிகள்.

கருத்தடை என்ன செய்கிறது?

ஆண் விலங்கில் விந்தகங்களும், பெண் விலங்கில் சூலகங்களும், பொதுவாகக் கருப்பையும் சேர்த்து, அகற்றப்படுகின்றன. முழு மயக்கத்தில் கால்நடை மருத்துவர் செய்யும் அறுவை இது. சூலகம் நீங்கினால் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைகிறது. விந்தகம் நீங்கினால் டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது. அதனால் குட்டி பிறப்பது மட்டுமல்ல, இரவுச் சண்டையும் ஊளையும் சிறுநீர் தெளித்து எல்லை குறிக்கும் பழக்கமும் குறைகின்றன. பெண் விலங்குக்குக் கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்தான நோய் வர வழியில்லை. பால்சுரப்பிக் கட்டிகள் வரும் வாய்ப்பும் குறைகிறது.

உரிமையாளர் இல்லாத பூனைகளை என்ன செய்வது? பொறி வைத்துப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் முறை பல நாடுகளில் உள்ளது. மயக்கத்தில் இருக்கும்போதே ஒரு காதின் நுனி நேராக வெட்டப்படும். உங்கள் குடியிருப்பில் காது நுனி இல்லாத பூனையைக் கண்டால் அது அடிபட்ட பூனை என்று எண்ணிவிடாதீர்கள். “எனக்குக் கருத்தடை முடிந்துவிட்டது, மீண்டும் பிடிக்க வேண்டாம்” என்பதே அதன் பொருள். சிங்கப்பூர் 2018இல் தெருநாய்களுக்கும் இத்தகைய தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. ஐந்தாண்டில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட நாய்களுக்குக் கருத்தடை செய்வது அதன் இலக்கு.

பிடித்தவற்றைத் திரும்ப விடுவது ஏன்? அகற்றிவிட்டால் என்ன? சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் 10 பூனைகள் வாழ்கின்றன. பத்தையும் அகற்றிவிட்டோம். ஆனால், குப்பைத்தொட்டியில் உணவு அப்படியே இருக்கிறது. தாங்குதிறன் மாறவில்லை. பக்கத்துத் தெருப் பூனைகள் அங்கே வந்து பெருகும். கருத்தடை செய்த பூனைகள் அங்கேயே இருந்தால் உணவையும் இடத்தையும் அவை பிடித்துக்கொள்ளும். குட்டி மட்டும் போடா.

ஆனால், இம்முறைக்கும் நிபந்தனைகள் உண்டு. பத்தில் இரண்டுக்குக் கருத்தடை செய்து நிறுத்தினால் பயனில்லை. மீதமுள்ளவை அந்த இடைவெளியை விரைவில் நிரப்பிவிடும். ஒரு கூட்டத்தில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றுக்குச் செய்தால்தான் எண்ணிக்கை குறையத் தொடங்கும் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. வீட்டில் வளர்த்த பூனையைக் கொண்டுவந்து விடும் பழக்கம் நிற்காவிட்டால் அதுவும் வீணாகும்.

ஊருக்கே ஒரு கவசம்: ரேபிஸ் தடுப்பூசி

வெறிநாய்க்கடி நோய் என நாம் கூறும் ரேபிஸ் பற்றி நீங்கள் செய்திகளில் படித்திருப்பீர்கள். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அது தலைகாட்டியது. 2017இல் சரவாக்கின் செரியான் பகுதியில் தொடங்கிய பரவல் மாநிலம் முழுவதும் விரிந்தது. அங்கே இதுவரை 50க்கும் அதிகமானோர் இந்நோயால் உயிரிழந்துள்ளனர். நோயின் அறிகுறிகள் தோன்றிய பிறகு பிழைத்தவர் மிக மிக அரிது. ஆனால், கடிபட்ட உடனே காயத்தைக் கழுவி, தடுப்பூசி போட்டுக்கொண்டால் நோயை முற்றாகத் தடுக்கலாம். 1885இல் லூயி பாஸ்டர் பாரிசில் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதலில் இத்தடுப்பூசியைச் செலுத்தினார்.

மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 விழுக்காடு நாய்களின் வழியாகவே வருகிறது. அப்படியானால் நாய்களுக்குத் தடுப்பூசி போடுவதே சிறந்த வழி. எத்தனை நாய்களுக்கு? 70 விழுக்காடு என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட இலக்கு.

இங்கே ஒரு புதிர் உள்ளது. நோயுற்ற ஒரு நாய் சராசரியாக இன்னும் 1.5 நாய்களுக்கு நோயைப் பரப்புகிறது என்று கொள்வோம். பரவல் நிற்க, அந்த எண் 1க்குக் கீழ் இறங்க வேண்டும். அதற்கு மூன்றில் ஒரு பங்கு நாய்களுக்கு, அதாவது ஏறத்தாழ 33 விழுக்காட்டுக்கு, எதிர்ப்பாற்றல் இருந்தாலே போதும். பிறகு ஏன் 70?

விடை: நாய்க்கூட்டம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஓர் ஊரில் 100 நாய்கள். 70க்குத் தடுப்பூசி போட்டாயிற்று. ஓராண்டில் 40 நாய்கள் இறந்து, 40 குட்டிகள் புதிதாகச் சேர்கின்றன. தடுப்பூசி பெற்றவற்றுள் எஞ்சுவது 70 × 0.6 = 42. எல்லையான 33ஐவிட இன்னும் அதிகம். ஊர் பாதுகாப்பாக உள்ளது. தொடக்கத்தில் 50க்கு மட்டுமே போட்டிருந்தால்? ஆண்டு முடிவில் 30. கவசம் உடைந்துவிட்டது.

கருத்தடையும் தடுப்பூசியும் சந்திக்கும் இடம் இதுதான். கருத்தடையால் பிறப்பும், பராமரிப்பால் இறப்பும் குறைந்து, ஆண்டுக்கு 20 நாய்களே மாறுகின்றன என்று கொள்வோம். அப்போது எஞ்சுவது 70 × 0.8 = 56. ஒரே அளவு தடுப்பூசி. ஆனால், பயன் நீண்ட காலம் நிற்கிறது. காப்பகங்கள் இவ்விரண்டையும் ஒரே முகாமில் செய்வது இதனால்தான்.

தங்கும் நாளைக் குறைத்தல்

இனி சூத்திரத்தின் இரண்டாவது எண்ணுக்கு வருவோம்.

முதல் எதிரி நோய். நோயுற்ற விலங்கைத் தத்துக் கொடுக்க முடியாது, ஆகவே, தங்கும் காலம் நீளும், கூட்டம் கூடும், கூட்டம் மேலும் நோயைப் பரப்பும். நாய்களைத் தாக்கும் பார்வோ வைரஸும் பூனைகளைத் தாக்கும் பான்லுகோபீனியா வைரஸும் காப்பகங்களுக்குப் பெரும் அச்சம். இவற்றுக்குக் கொழுப்பு உறை இல்லை. சவர்க்காரமும் ஆல்கஹாலும் உறையுள்ள வைரஸை எளிதில் சிதைக்கும். உறையற்ற இவற்றை அவ்வளவாக ஒன்றும் செய்வதில்லை. தரையிலும் பாத்திரத்திலும் மாதக்கணக்கில் இவை தாக்குப்பிடிக்கும். அதனால்தான் பணியாளர்கள் முதலில் அழுக்கைக் கழுவிவிட்டு, பிறகு நீர் கலந்த குளோரின் திரவத்தால் கூண்டுகளைத் துடைக்கின்றனர். புதிதாக வரும் விலங்குக்கு அன்றே தடுப்பூசி போட்டுத் தனியே வைக்கின்றனர்.

குட்டிகளுக்கு ஒரே ஊசி போதாது. சீம்பால் வழியாகத் தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள்கள் சில வாரம் குட்டியைக் காக்கும். ஆனால், அவையே தடுப்பூசியையும் செயலிழக்கச் செய்துவிடும். அவை எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். ஆகவே, சில வார இடைவெளியில் திரும்பத் திரும்ப ஊசி போடப்படுகிறது.

அடுத்த உதவி, மைக்ரோசிப். அரிசி மணியளவுள்ள இது தோளெலும்புகளுக்கு இடையே தோலுக்கடியில் செலுத்தப்படுகிறது. இதில் மின்கலம் இல்லை. படிப்பானை அருகே கொண்டு சென்றால் அதன் மாறும் காந்தப்புலம் சிப்பிலுள்ள கம்பிச்சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. மின்காந்தத் தூண்டல் பாடத்தில் நீங்கள் படிப்பது இதுவே. அந்தச் சிறு மின்னோட்டத்தில் சிப் விழித்து, தன் 15 இலக்க எண்ணை அனுப்புகிறது. விலங்கு எங்கே இருக்கிறது என்று இது காட்டாது. ஆனால், காப்பகத்துக்கு வந்த விலங்கின் உரிமையாளரை நிமிடங்களில் கண்டுபிடிக்க உதவும். பல நாள் தங்க வேண்டிய விலங்கு அன்றே வீடு திரும்பலாம். சிங்கப்பூரில் 2024 செப்டம்பர் முதல் வீவக வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி உண்டு. ஆனால், மைக்ரோசிப்பும் உரிமமும் கட்டாயம்.

தற்காலிக வளர்ப்பும் பெரிய துணை. நான்கு வாரக் குட்டியை உடனே தத்துக் கொடுக்க முடியாது. இன்னும் ஒரு மாதமாவது அது வளர வேண்டும். அந்தக் காலத்தை ஒரு தன்னார்வலரின் வீட்டில் கழித்தால் ஒரு கூண்டு மிச்சம், நோயும் அண்டாது, மனிதரோடு பழகியும் விடும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

குட்டிகளைக் கண்டால் உடனே தூக்காதீர்கள். தாய் இரை தேடிப் போயிருக்கலாம். ஆபத்தில்லாத இடமென்றால் தொலைவிலிருந்து சில மணிநேரம் கவனியுங்கள். கண் திறக்காத குட்டியின் வயது இரண்டு வாரத்துக்கும் குறைவு. அதனால் தன் உடல்வெப்பத்தைக் காத்துக்கொள்ள இயலாது. தாய் வரவேயில்லை என்றால் முதலில் தேவை கதகதப்பு, பிறகே உணவு. பசும்பால் கொடுக்காதீர்கள்; வயிற்றுப்போக்கு வரும். பெரியவர் ஒருவரிடம் சொல்லிக் கால்நடை மருத்துவரையோ காப்பகத்தையோ அழையுங்கள்.

அறிமுகமில்லாத நாய் நெருங்கினால் ஓடாதீர்கள். கைகளை உடலோடு ஒட்டி, அதன் கண்ணைப் பார்க்காமல் மரம்போல நில்லுங்கள். கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருந்தகம் செல்லுங்கள். பெற்றோர் திட்டுவார்கள் என்று மறைக்காதீர்கள். உலகில் ரேபிஸ் ஐயமுள்ள விலங்கிடம் கடிபடுவோரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள்.

வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் கருத்தடை செய்தாயிற்றா என்று கேளுங்கள். பல சங்கங்கள் குறைந்த கட்டணத்தில் செய்து தருகின்றன. யாரேனும் விலங்கை வதைப்பதைக் கண்டால் கால்நடைச் சேவைத் துறையிடம் புகார் செய்யலாம். 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி வதைக்குத் தண்டனை 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

விலங்கு வளர்க்க முடியாத வீட்டிலும் செய்யக்கூடிய ஒன்று உண்டு. குப்பைப் பையை இறுகக் கட்டி மூடியுள்ள தொட்டியில் போடுங்கள். உங்கள் தெருவின் தாங்குதிறனைத் தீர்மானிப்பது அந்தப் பைதான்.

சிந்தித்து விடை எழுதுக

1. ஒரு காப்பகத்தில் நாய்களுக்கு 40 கூண்டுகள். நாளுக்கு 2 நாய்கள் வருகின்றன. சராசரியாக 25 நாள் தங்குகின்றன. எத்தனை நாய்களுக்கு இடமில்லை? கூண்டு கட்டாமல் இச்சிக்கலைத் தீர்க்கத் தங்கும் காலம் எத்தனை நாளாகக் குறைய வேண்டும்? மைக்ரோசிப் இதற்கு எவ்வாறு உதவும்?

2. லண்டனில் வாழும் தெருப்பூனையையும் கிள்ளானில் வாழும் தெருப்பூனையையும் ஒப்பிடுக. டிசம்பரில் இவற்றுள் எது சினையாகும் வாய்ப்பு அதிகம்? ஏன்?

3. ஒரு குடியிருப்பில் 100 நாய்கள். 60க்குத் தடுப்பூசி போடப்பட்டது. ஓராண்டில் பாதி நாய்கள் இறந்து, அதே எண்ணிக்கையில் குட்டிகள் சேர்ந்தன. ஆண்டு முடிவில் 33 விழுக்காட்டு எல்லை காக்கப்பட்டதா? இல்லையெனில், அடுத்த ஆண்டு நீங்கள் மாற்றிச் செய்யும் இரண்டு செயல்களைக் காரணத்துடன் எழுதுக.